மாங்கூழ் டின் உப்பியது: என் அனுபவம்

காவேரிப்பட்டணம் பக்கம் சின்னதாக மாங்கூழ் போடுகிறோம், பெங்களூரா ரகம். போன சீசனில் 3.1 கிலோ டின்கள் சில, மூன்றாம் மாதமே மூடி உப்பிக்கொண்டன. உள்ளே தங்க நிற லேக்கர், அதாவது கூழ் உலோகத்தைத் தொடாமல் தடுக்கும் பூச்சு, பூசிய டின். வெறும் தகர டின்னைவிட (வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு) உசத்தி என்று நம்பித்தான் மாறியிருந்தேன்.

வேக்காடு போதவில்லை என்று கொதிநீரில் வைக்கும் நேரத்தைக் கூட்டினேன். மூடியை மடித்து அடைக்கும் சீமிங் மெஷினைப் பிரித்து ரோலரைப் பார்த்தோம். லேபில் கிருமி எதுவும் இல்லை என்று வந்தது. பத்து நாள் போச்சு.

பழைய ஆபரேட்டர் அண்ணன்தான் சொன்னார்: "குத்திட்டு தீக்குச்சி காட்டுங்க தம்பி." கூழ் புளித்து வந்த காற்றாக இருந்தால் குச்சி அணையும். இங்கே 'டப்' என்றது. ஹைட்ரஜன்! கூழின் அமிலம் டின்னின் இரும்பைத் தின்கிறது.

மூடியைக் கழுவி உட்பக்கம் பார்த்தேன். வரிசையாகக் கரும்புள்ளிகள், கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பிய எண்கள். எங்கள் பேட்ச் நம்பர்! மூடியில் பஞ்ச் அடித்த இடத்தில் லேக்கர் வெடித்து, அந்த மயிரிழைக் கீறலில்தான் அரிப்பு முழுக்க இறங்கியிருக்கிறது.

பஞ்சை நிறுத்தி இங்க்ஜெட்டில் அச்சிடுகிறோம். டின் உடல் வெறும் தகரம், மூடிக்கு மட்டும் லேக்கர். வெறும் தகரத்தில் வெள்ளீயம் பரவலாக மெல்லக் கரைந்து இரும்பைக் காக்கும், கூழின் மஞ்சளும் நிற்கும். ஆனால் வெள்ளீயம் கிலோவுக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, சூட்டில் அது வேகமாகக் கரையும், அதனால் சரக்கை நிழலில்தான் அடுக்குகிறோம். நாவல் மாதிரி கருஞ்சிவப்புப் பழத்துக்கு இது ஆகாது, சாயம் வெளுத்துவிடும். அதற்கு முழு லேக்கர்தான்.