பேட்டரி இறங்கிப் பூட்டியே கிடக்கும் காரைத் திறப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் எங்கள் தாமானில் (குடியிருப்பில்), அம்மாவை ஈப்போவுக்கு மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டிய ஒரு நாள் காலை ஆறு மணிக்கு என் காரின் கதவு திறக்க மறுத்தது. கைப்பிடிப் பொத்தானை அழுத்தினாலும் ரிமோட்டை அழுத்தினாலும் ஓர் ஓசையும் இல்லை. பிள்ளைகள் எதையோ தேடுவதற்காகப் போட்ட உட்கூரை விளக்கு, இரண்டு வாரமாக நகராமல் நின்ற காரின் பேட்டரியை முழுக்கக் குடித்திருந்தது. அன்று கதவைத் திறக்க எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. இப்போது ஐந்து நிமிடம் போதும். இந்த வேறுபாட்டுக்குக் காரணமானவற்றை முதன்முறை இந்த நிலைக்கு ஆளாகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. காருக்குள் குழந்தையோ முதியவரோ மாட்டிக்கொண்டிருந்தால் கீழே உள்ள எதையும் முயன்று பார்க்க வேண்டாம். உடனே 999-ஐ அழையுங்கள். உள்ளே இருப்பவர் சோர்ந்து தெரிந்தால், அவருக்கு மிகத் தொலைவில் உள்ள கண்ணாடியை உடைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் சூடு சில நிமிடங்களிலேயே ஏறிவிடும்.

முதல் படி, இறங்கியிருப்பது எந்தப் பேட்டரி என்று அறிவது. ரிமோட்டுக்குள் பொத்தான் வடிவ மின்கலம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான ரிமோட்டுகளில் அது சிஆர்2032 எனப்படும் 3 வோல்ட் மின்கலம். கண்ணாடி வழியாக டாஷ்போர்டைப் பாருங்கள். திருட்டுத் தடுப்பு விளக்கு வழக்கம்போல் சிவப்பாக மின்னினால் கார் பேட்டரியில் இன்னும் உயிர் இருக்கிறது, ரிமோட்டின் மின்கலம்தான் தீர்ந்திருக்கக்கூடும். அப்படியானால் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்தபடி ரிமோட்டையே ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்களில் எஞ்சின் இயங்கிவிடும். டாஷ்போர்டு முழுவதும் இருண்டு கிடந்தால் தொடர்ந்து படியுங்கள்.

இரண்டாம் படி, ரிமோட்டுக்குள் இருக்கும் உலோகச் சாவியை வெளியே எடுப்பது. பக்கவாட்டில் உள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும்.

மூன்றாம் படி, சாவித்துளையைக் கண்டுபிடிப்பது. பெரும்பாலும் அது ஓட்டுநர் கதவில் மட்டுமே இருக்கும். சில கார்களில் கைப்பிடியின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி அதை மறைத்திருக்கும். அந்த மூடியின் அடிப்பகுதியைத் தடவிப் பார்த்தால் ஒரு சிறு வெட்டு தென்படும். கைப்பிடியை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்தபடி, சாவியின் நுனியை அந்த வெட்டில் செருகி மெதுவாக மேலே நெம்பினால் மூடி கழன்றுவிடும். சாயம் கீறாமல் இருக்க, நுனியில் ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.

நான்காம் படி, சாவியைத் திருப்புவது. நான் முப்பது நிமிடத்தைத் தொலைத்த இடம் இதுதான். கார் வாங்கிய நாள் முதல் அந்தத் துளைக்குள் சாவி போனதே இல்லை. எங்கள் வீட்டு முன்சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் நாள் முழுவதும் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். அந்தப் புழுதி மழை ஈரத்தோடு துளைக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் சிறு பித்தளைத் தகடுகளை இறுகப் பிடித்திருந்தது. சாவி பாதி வரைதான் உள்ளே போனது. நான் பதற்றத்தில் அதை அழுத்தித் திருகினேன். சாவியின் கழுத்து லேசாக வளைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையை எடுத்தேன். அது முறிந்து துளைக்குள் தங்கியிருந்தால் பூட்டையே கழற்றி மாற்ற வேண்டி வந்திருக்கும்.

சாவி இறுகினால் செய்ய வேண்டியது இதுதான். பிள்ளைகள் தேர்வுத் தாளில் கருமையாக்கப் பயன்படுத்தும் 2பி பென்சிலை எடுத்து, சாவியின் இரு பக்கமும், பல் வெட்டுகளுக்குள்ளும், உலோகம் கறுத்து மினுங்கும் வரை தேயுங்கள். பென்சில் கரியில் உள்ள கிராஃபைட் நல்ல உலர் மசகு. பின்னர் சாவியை உள்ளே செருகி, திருப்பாமலேயே வெளியே எடுங்கள். துடைத்து, மறுபடி கரி தேய்த்து, மறுபடி செருகுங்கள். எனக்கு ஒன்பதாவது முறைதான் அது முழு ஆழத்துக்கு இறங்கியது. ஒவ்வொரு முறையும் சாவியில் ஒட்டி வந்த செம்மண் நிறப் பசை, நானும் அம்மாவும் திண்ணையில் அமர்ந்து துடைத்த வெள்ளைத் துணியில் கோடு கோடாகப் படிந்தது.

சாவி முழுதாக இறங்கிய பின்னும் உடனே திறக்கும் என்று எண்ண வேண்டாம். பேட்டரி நன்றாக இருக்கும்போது பல கார்களில் சாவியைச் சற்றுத் திருப்பினாலே உள்ளிருக்கும் மோட்டார் மீதி வேலையைச் செய்துவிடும். இப்போது மோட்டாருக்கு மின்சாரம் இல்லாததால் முழுத் தாழ்ப்பாளையும் உங்கள் விரல்தான் நகர்த்த வேண்டும். ஆகவே திருப்பல் கனமாக இருக்கும். சாவியின் தலை சிறியது என்பதால் ஒரு கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்து, கதவை மற்றொரு கையால் உள்நோக்கி அழுத்தியபடி, ஒரே சீராக இறுதி வரை திருப்புங்கள். ஒரு பக்கம் அசையாவிட்டால் மறுபக்கம் முயலுங்கள். குறட்டால் மட்டும் திருகவே கூடாது.

பால்மரம் சீவி ஓய்வு பெற்ற என் அப்பா அன்று துளைக்குள் தேங்காய் எண்ணெய் விட்டார். அந்த நேரத்துக்கு அது உதவியது. ஆனால் ஒரு மாதத்தில் எண்ணெயில் புழுதி ஒட்டி, பூட்டு முன்னைவிட மோசமாக இறுகியது. துரு நீக்கும் தெளிப்பான்களையும் நான் பூட்டுக்குப் பரிந்துரைப்பதில்லை. அவை அழுக்கைக் கரைக்கும், ஆனால் மசகாக நெடுநாள் நிற்பதில்லை. கிராஃபைட் தூள்தான் என் தேர்வு.

ஐந்தாம் படி, உள்ளே போன பிறகு. திறந்தது ஓட்டுநர் கதவு மட்டுமே. மற்றக் கதவுகளை உள்ளிருந்து கையால் திறந்துகொள்ளுங்கள். பானட்டை, அதாவது எஞ்சின் மூடியைத் திறக்கும் நெம்புகோல் பெரும்பாலான கார்களில் வெறும் கம்பி இழுப்பில் இயங்குவதால் அதற்கு மின்சாரம் தேவையில்லை. பேட்டரிக்கு உயிர் வந்தவுடன், சாவியால் திறந்த கதவைத் திருட்டு என்று எண்ணி அபாய ஒலி அலறக்கூடும். ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்து, திறக்கும் பொத்தானை அழுத்தினால் அது அடங்கும்.

இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முறை பலருக்கும் தெரிந்ததே என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சிவப்புக் கம்பியை முதலில் இறங்கிய பேட்டரியின் கூட்டல் முனையிலும் பின்னர் நல்ல பேட்டரியின் கூட்டல் முனையிலும் மாட்டுங்கள்; கறுப்பு நல்ல பேட்டரியின் கழித்தல் முனையில். கறுப்பின் மறுமுனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அதே காரின் எஞ்சினில் சாயம் பூசாத உலோகத்தில் கவ்வ விடுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியலாம். கடைசி இணைப்பில் தெறிக்கும் பொறி அதனருகே விழக்கூடாது. உதவும் காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு உங்கள் காரை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மெல்லிய கம்பிகளை வாங்காதீர்கள். பிளாஸ்டிக் உறை தடிமனாக இருந்தாலும் உள்ளே செம்பு சில இழைகள்தான் இருக்கும், ஸ்டார்ட் செய்யும்போது சூடேறி உருகும். இன்னொரு கார் இல்லாமலேயே ஸ்டார்ட் செய்ய உதவும் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் நல்ல கருவி, ஆனால் அதை வீட்டுக்குள் வையுங்கள். பூட்டிய காருக்குள் இருந்தால் அது உதவாது. வெயிலில் அதன் லித்தியம் மின்கலமும் கெடும். நாற்பது ஐம்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும், வோல்ட் அளக்கும் ஒரு மல்ட்டிமீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். முழுதாக ஏறிய 12 வோல்ட் பேட்டரி, எஞ்சின் ஓடாத நிலையில் 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி.

பின்சேர்க்கை: சாவி காருக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். மாற்றுச் சாவியை வீட்டிலிருந்து வரவழைப்பதே முதல் வழி. அது இல்லையென்றால் பூட்டுக்காரரை அழையுங்கள். அவர் காற்றுப் பையால் கதவு விளிம்பைச் சற்று விரித்து நீண்ட கம்பியால் உள்தாழ்ப்பாளை இழுப்பார். சட்டை மாட்டும் கம்பியை நீங்களே கண்ணாடி இடுக்கில் விடாதீர்கள்; கதவுக்குள் மின்கம்பிகள் ஓடுகின்றன, சில கார்களில் விபத்தின்போது விரியும் பக்கக் காற்றுப்பைக்கான உணரியும் அங்கேதான் இருக்கிறது. பின்பக்கச் சிறு கண்ணாடி மலிவாக இருக்கும் என்று உடைப்பதும் வேண்டாம், பல கார்களில் அது கதவுக் கண்ணாடியைவிட விலை கூடியது.

இன்னொரு பின்சேர்க்கை: பேட்டரியே பின்பெட்டியில் இருக்கும் கார் வைத்திருப்பவர் ஒருவர், பின்பெட்டி மின்சாரத்தால் மட்டுமே திறக்கிறது என்று தவித்திருந்தார். அத்தகைய கார்கள் பலவற்றில் பானட்டுக்குக் கீழே கூட்டல் குறி போட்ட சிவப்பு மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் தெரியும் உலோக முனையில் சிவப்புக் கம்பியையும், எஞ்சின் உலோகத்தில் கறுப்பையும் மாட்டினால் மின்சாரம் பாயும். அதன் பின் பின்பெட்டி தன் பொத்தானிலேயே திறக்கும். அந்த மூடி எங்கே இருக்கிறது என்பது காரோடு வந்த கையேட்டில் படத்தோடு இருக்கும். கையேட்டைக் காருக்குள் வைக்காமல், அந்தப் பக்கத்தைத் திறன்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.