வெள்ளைக்கல் குவாரியில் மரம் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் கருப்பூர், மாமாங்கம் பக்கம் வேலை முடிந்துபோன வெள்ளைக்கல் (மேக்னசைட்) குவாரிகளில் மரம் வைக்க இப்போது நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் எங்கள் காலத்துத் தவறுகளே புது ஆட்கள் கையில் திரும்பி வருகின்றன. தண்ணீர் ஊற்ற மறப்பது, ஆடு புகுவது எல்லாம் தெரிந்த கதை; விட்டுவிடுகிறேன்.

குழிக்குள் மட்டும் நல்ல மண்

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல்தான். கழிவுக் குவியல் மேல் வருடக்கணக்கில் லாரி ஓடி மண் இறுகிக் கிடக்கும். அதில் ஜேசிபியால் குழி எடுத்து, ஏரி வண்டலையும் தொழு உரத்தையும் கொட்டி, ஆளுயரக் கன்றை நடுகிறார்கள். கொஞ்ச காலம் பச்சைப் பசேல் என்று இருக்கும், போட்டோவுக்கு அழகு. அப்புறம் வேர் குழிச் சுவரைத் தொடும். ஜேசிபி பக்கெட் இழைத்த அந்தச் சுவர் பூச்சு வேலை செய்ததுபோல் வழவழப்பாக இருக்கும், நகம்கூட இறங்காது. வேர் அங்கே முட்டி, குழிக்குள்ளேயே சுற்றும். மழையில் தண்ணீர் வடியாமல் அழுகும், கோடையில் அந்தப் பிடி மண்ணும் காய்ந்துவிடும்.

ஒரு நிறுவனம் வைத்த வேம்புகள் ஆடிக் காற்றில் சாய்ந்து கிடந்தன. தூரைப் புரட்டிப் பார்த்தால் வேர்க்கட்டு குழியின் அளவுக்கே சதுரமாக இருந்தது. பொறுப்பாளர் "காத்துதாங்க காரணம்" என்றார். வண்டல், டிராக்டர் வாடகை, தண்ணீர் லாரி என்று போட்ட காசெல்லாம் போச்சு. அப்படியும் அதே குழிகளில்தான் மறுபடி கன்று வைத்தார்கள்!

கோடையிலேயே, மண் காய்ந்திருக்கும்போது, முழு இடத்தையும் சரிவுக்குக் குறுக்காக ஆழமாகக் கீறிவிடுங்கள். ஈரத்தில் கீறினால் மண் நொறுங்காது. வண்டலைக் குழியில் அடைக்காமல் மேலே பரப்பிக் கலக்குங்கள். நடுவதற்கு முன் ஒரு குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் நின்றால் அங்கே நடாதீர்கள்.

வெள்ளையைப் பார்த்துச் சுண்ணாம்பு என்று நினைப்பது

வெள்ளைக்கல் என்பது மெக்னீசியம் கார்பனேட். அதைச் சுற்றியுள்ள டியூனைட் பாறையிலும் மெக்னீசியம்தான் மிகுதி. கால்சியம், மணிச்சத்து, சாம்பல் சத்து குறைவு. செடிக்கு ஆகாத நிக்கலும் குரோமியமும் வேறு உண்டு. யூரியா மட்டும் போட்டு ஒன்றும் ஆகாது. மண் பரிசோதனை பார்த்து ஜிப்சம் போடலாம். அதன் கால்சியம் மண்ணில் ஒட்டியிருக்கும் மெக்னீசியத்தைப் பிரித்துவிட, மழைத்தண்ணீர் கழுவிக்கொண்டு போகும். தண்ணீர் வடியாத மண்ணில் ஜிப்சமும் வீண்தான்.

ஏற்காட்டுச் சோலைக் கன்றைக் கீழே இறக்குவது

வேண்டாம். மலையின் குளிர் வேறு, இந்த வெயில் வேறு.

சீமைக்கருவேல், தைல மரம்

கூடவே கூடாது.

எடுத்த எடுப்பில் மரம்

முதல் மழைக்கு ஆவாரை, விராலி, கொளுஞ்சிச் செடிகளை விதையுங்கள். கொளுஞ்சியின் வேர் முடிச்சு தழைச்சத்தைச் சேர்க்கும், இலை உதிர்ந்து மண்ணுக்கு மூடாக்காகும். பிறகுதான் மரம்: உசிலை, வெள்வேல், ஆச்சா. சின்னக் கன்றே போதும், ஆவணி புரட்டாசி மழையில் நட்டால் பிடித்துக்கொள்ளும். கொளுஞ்சி விதைக்குத் தோல் கெட்டி. மணலோடு சேர்த்து நன்றாகத் தேய்த்த பிறகு தூவுங்கள். இல்லாவிட்டால் பாதி விதை அப்படியே கிடக்கும்.