கடிப்பது மூட்டைப்பூச்சியா, தெள்ளுப்பூச்சியா?

காலையில் எழுந்ததும் கையில், கழுத்தில் வரிசையாகத் தடிப்பு இருக்கிறதா? தடிப்பை மட்டும் பார்த்து இன்ன பூச்சி என்று முடிவு கட்ட முடியாது. ஒரே படுக்கையில் ஒருவருக்கு வீங்கும், இன்னொருவருக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் தடயத்தைத் தேடுங்கள்.

டார்ச் அடித்து மெத்தையின் தையல் ஓரம், கட்டில் மூட்டு, ஆணி ஓட்டை எல்லாம் பாருங்கள். பேனா முனையால் குத்தியது போலக் கரும்புள்ளிகள், உரித்துப்போட்ட வெளிர்பழுப்புத் தோல், 5 மில்லிமீட்டர் அளவில் தட்டையான பூச்சி என்று தெரிந்தால் மூட்டைப்பூச்சியேதான். ஈரத்துணியால் தேய்த்தால் அந்தப் புள்ளி செம்பழுப்பாகத் தீற்றிக்கொள்ளும். கடி கணுக்காலைச் சுற்றியே இருந்து, வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் தெள்ளுப்பூச்சியாக இருக்கலாம். அது துள்ளும், மூட்டைப்பூச்சி ஊர மட்டுமே செய்யும். தெள்ளு என்றால் முதலில் செல்லப்பிராணியை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, மூட்டைப்பூச்சியை விரட்டுவது எப்படி? போர்வை, தலையணை உறையை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். தையல் இடுக்குகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, குப்பையை உடனே பையில் கட்டி வெளியே போடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றும் வேலை வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். புகைமருந்தும் இடுக்குக்குள் சரியாகப் போகாது. அப்புறம், தப்பிய முட்டைகள் ஒன்றிரண்டு வாரத்தில் பொரிக்கும். எனவே இதையெல்லாம் மறுபடியும் செய்ய வேண்டும்; இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.