தோட்டாத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? (சிவப்புத் தடுப்பில் நான் மாட்டிய கதையோடு)

தோட்டா செய்கிற இடத்துக்குள் பொதுமக்களும் போகலாம் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. முதல்முறை போனபோது இரண்டு மணி நேரச் சுற்றில் முக்கால் மணி நேரத்தை நுழைகிற இடத்திலேயே தொலைத்தேன். கூட வந்தவர்கள் எல்லாரும் எனக்காகக் காத்து நின்றார்கள். உங்களுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எந்த மாதிரி இடம்?

இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தொழிற்சாலை ஒரு வகை. மூடிய பிறகு அருங்காட்சியகமாக மாறியது இன்னொரு வகை. முதல்முறை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். ஓடும் ஆலையில் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்துவார்கள், படம் எடுக்க விடமாட்டார்கள், இயந்திரச் சத்தத்தில் வழிகாட்டி சொல்வதில் பாதி காதில் விழாது. மூடிய ஆலையில் இயந்திரத்தின் வாய்க்குள்ளேயே தலையை நீட்டிப் பார்க்கலாம்.

இஸ்ரேலின் ரெஹோவோத் நகரில் இருக்கும் அயலோன் நிலையம் இந்த வகையில் தனி ரகம். பிரிட்டிஷ் ஆட்சியின்போது, 1945 முதல் 1948 வரை, யூதர்களின் தலைமறைவுப் படையான ஹகானா தரைக்கு 8 மீட்டர் கீழே இரகசியமாக நடத்திய தொழிற்சாலை அது. மேலே சலவைக்கூடமும் ரொட்டி அடுப்பும் இருந்தன. துணி துவைக்கும் இயந்திரத்தை நகர்த்தினால் கீழே இறங்கும் வழி. அதன் சத்தம்தான் கீழே ஓடிய இயந்திரங்களின் சத்தத்தை மறைத்தது. 20 லட்சத்துக்கும் அதிகமான 9 மி.மீ. தோட்டாக்கள் அங்கே தயாராயின. நாளெல்லாம் வெயில் படாமல் வெளுத்துப் போனவர்களை யாரும் சந்தேகப்படக்கூடாது என்று, புற ஊதா விளக்கின் முன் உட்காரவைத்து முகத்தைக் கறுக்கவைத்தார்களாம். இங்கே வழிகாட்டியோடுதான் இறங்க முடியும், முன்பதிவு செய்துகொண்டு போங்கள். படி இறங்கத் தயங்குகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவு தூரமெல்லாம் முடியாது, சும்மா ஒரு ருசி பார்த்தால் போதும் என்றால் மெல்போர்ன் போகிறவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. அங்கே ஒரு பேரங்காடிக்குள், கண்ணாடிக் கூம்பின் அடியில், 50 மீட்டர் உயரச் செங்கல் கோபுரம் ஒன்று நிற்கிறது. கூப் ரவைக் கோபுரம் என்று பெயர். அந்தக் காலத்தில் உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழியாக உச்சியிலிருந்து விடுவார்கள். விழும்போதே அது தானாக உருண்டையாகி, இறுகி, கீழே இருக்கும் தண்ணீரில் விழும். வேட்டைத் துப்பாக்கி ரவை ரெடி.

படி 2: பதிவு

அடையாள அட்டையில் இருக்கும் பெயரையே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். ஓடும் ஆலை என்றால், வெளிநாட்டவருக்குச் சரிபார்ப்பு பல நாள் இழுக்கலாம். குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டா என்று கேளுங்கள். அவ்வளவுதான், இதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை.

படி 3: பையையும் சட்டைப்பையையும் காலி செய்வது

லைட்டர், தீப்பெட்டி கூடாது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கைபேசியும் பெட்டகத்துக்குப் போய்விடும். எல்லாரும் மறப்பது பேட்டரி உள்ள சின்னச் சின்னப் பொருள்களைத்தான்: கார்ச் சாவி, கைக்கடிகாரம், காதில் செருகும் ஒலிப்பான். என் கார்ச் சாவியை வாசலில் பிடித்தார்கள். காது கேட்கும் கருவியோ இதயத்தில் பேஸ்மேக்கரோ இருந்தால் பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

முதல் உலகப் போர்க்கால ஆலை வாசல்களில் பெண் தொழிலாளர்களின் கொண்டை ஊசியைக்கூட விடாமல் சோதித்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஈஸ்ட்ரிக்ஸில், அந்தக் காலத்துக் கிரெட்னா வெடிமருந்து ஆலையின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் பெண்கள் கையாலேயே பிசைந்த கூழுக்கு, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் வைத்த பெயர் 'பேய்க் கஞ்சி'. அருங்காட்சியகத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. அதைப் பார்த்த பிறகு சாவியைக் கொடுக்கச் சொன்னதற்காக நான் முணுமுணுத்தது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

படி 4: சிவப்புத் தடுப்பு (நிதானமாகப் படியுங்கள்)

நான் போன ஓடும் ஆலையில், ஆபத்தான பகுதிக்குப் போகும் வழியில், முழங்கால் உயரத்துக்குச் சிவப்பு வண்ணம் அடித்த ஒரு தடுப்பு இருந்தது. இந்தப் பக்கம் 'அழுக்கு', அந்தப் பக்கம் 'சுத்தம்'. கண்ணாடிக்குப் பின்னால்தான் நிற்கப் போகிறோம் என்றாலும் இதைத் தாண்டியே ஆக வேண்டும்.

நான் செய்த தப்பு இதுதான். கோயிலுக்குப் போகிற பழக்கத்தில் இரண்டு காலணியையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலுறையோடு நடந்து வந்து தடுப்பில் உட்கார்ந்தேன். போச்சு. தரையில் இருக்கும் மணல் துகள் காலுறையில் ஒட்டிவிட்டது என்று புதுக் காலுறை கொடுத்து மறுபடியும் ஆரம்பிக்கச் சொன்னார்கள்.

சரியான முறை: காலணியோடு போய்த் தடுப்பில் உட்காருங்கள். ஒரு காலணியை மட்டும் கழற்றுங்கள். அந்தக் காலைத் தரையில் வைக்காமல் அப்படியே அந்தப் பக்கம் போட்டு, அங்கே வைத்திருக்கும் காலணிக்குள் நுழையுங்கள். அப்புறம் அடுத்த கால். தாண்டிய பிறகு இந்தப் பக்கம் எதை மறந்திருந்தாலும் எட்டி எடுக்காதீர்கள். மூக்குக்கண்ணாடிக் கூட்டை எட்டி எடுக்கப் போய் நான் மூன்றாவது முறையும் தாண்டினேன்.

அடுத்து ஒரு உலோகத் தட்டின் மேல் நின்று கையை வைக்கச் சொன்னார்கள். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் காலணி வழியாகத் தரைக்கு இறங்குகிறதா என்று பார்க்கும் கருவி அது. எனக்கு மட்டும் சிவப்பு விளக்கு. காரணம், காலுக்குப் போட்டிருந்த பவுடர்! பவுடரும் தடித்த கம்பளி, நைலான் காலுறையும் மின்சாரத்தை இறங்க விடாது. மெல்லிய பருத்திக் காலுறை போதும். சட்டையும் பருத்தியாக இருந்தால் நல்லது, பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர் சின்ன அடியிலேயே பற்றிக்கொள்ள வேண்டும், அதுதான் அதன் வேலை. ஒரு மணல் துகளின் உராய்வோ, நம் கண்ணுக்கே தெரியாத ஒரு தீப்பொறியோ அதற்குப் போதும்.

படி 5: உள்ளே எங்கே நிற்பது?

எல்லாரும் மருந்து நிரப்பும் இயந்திரத்தைத் தேடி ஓடுவார்கள். நான் சொல்வேன், முதல் அழுத்து இயந்திரத்தின் முன்னால் நில்லுங்கள். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டில் ஒரு வில்லை வெட்டப்பட்டு, சின்னக் கிண்ணமாகி, இழுக்க இழுக்க நீளக் குழாயாகும். அதுதான் தோட்டாவின் கூடு. ஒவ்வோர் இழுப்புக்கும் பித்தளை இறுகிக்கொண்டே போகும், விட்டால் விரிசல் கண்டுவிடும். அதனால் நடுநடுவே சூடாக்கி இளக்குவார்கள். சில தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு வளையம் தெரிகிறதே, அது அழுக்கல்ல, கடைசியாகக் காட்டிய சூட்டின் தடம்.

வெளியே வந்ததும் கட்டடங்களைப் பாருங்கள். ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, சுற்றிலும் மண்மேடு போட்டு நிற்கும். வழிகாட்டியிடம், "இது வெடித்தால் எந்தப் பக்கம் போகும்?" என்று கேளுங்கள். எனக்குப் பதில் சொன்னவர் அதிலிருந்து அரை மணி நேரம் நிறுத்தவே இல்லை. அமெரிக்காவின் டெலவேரில் இருக்கும் ஹேக்லி அருங்காட்சியகம் இதற்காகவே பார்க்க வேண்டிய இடம். 1802-இல் தொடங்கிய டு பான்ட் கருமருந்து ஆலை அது. அரைக்கும் கட்டடங்களுக்கு மூன்று பக்கம் தடித்த கல்சுவர். ஆற்றைப் பார்த்த பக்கம் மட்டும் லேசான தடுப்பு. வெடித்தால் ஆற்றுப் பக்கம் போகட்டும் என்றுதான். அங்கே வெடிவிபத்தில் இறந்தவர்களை 'ஓடையைத் தாண்டிவிட்டார்' என்பார்களாம்.

படி 6: திரும்பும்போது

ஈயம் புழங்கும் இடம். சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கிருமிநாசினித் திரவம் ஈயத்தைப் போக்காது. நினைவுப்பொருள் கடையில் தோட்டா வடிவச் சாவிக்கொத்து விற்றால், விமானத்தில் ஊர் திரும்புகிறவர்கள் வாங்காதீர்கள். உள்ளே மருந்து இல்லை என்று நீங்கள் சொல்வதைப் பாதுகாப்புச் சோதனையில் யாரும் கேட்கப் போவதில்லை. என்னுடையது அந்தக் குப்பைத்தொட்டியில்தான் கிடக்கிறது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன ஒருவர், வெடிமருந்துத் தடம் இருக்கிறதா என்று வாசலில் கையைத் துடைத்துப் பார்க்கும் கருவி தனக்கு அலறியது என்று எழுதியிருந்தார். லைட்டரும் இல்லை, சாவியும் இல்லை. கடைசியில் பார்த்தால், நெஞ்சுவலிக்கு அவர் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை! அதில் இருப்பது நைட்ரோகிளிசரின்தான். மாத்திரையை விட்டுவிட்டுப் போகாதீர்கள், மருத்துவரின் சீட்டை எடுத்துக்கொண்டு முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிளிசரின் கலந்த கைப்பூச்சும் சில கருவிகளைக் குழப்பும் என்கிறார்கள், அன்றைக்கு ஒரு நாள் அது இல்லாமலே போங்கள்.