‘இறக்குமதி வரியை ஏற்று’ என்று மனு எழுதும் முன்: நீலகிரித் தேயிலைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சை இலை விலை சரிந்ததும் குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் எங்கும் எழும் முதல் கோரிக்கை ஒன்றுதான்: வெளிநாட்டுத் தேயிலையை நிறுத்து, இறக்குமதி வரியை ஏற்று. கோபம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோரிக்கையை அப்படியே மனுவாக எழுதினால், படிக்கும் அதிகாரி முதல் பத்தியிலேயே பேனாவை மூடிவிடுவார். ஏனென்றால் வரி ஏற்கெனவே ஏறித்தான் இருக்கிறது.

வரி குறைவு என்று எழுதுவது

வெளிநாட்டுத் தேயிலைக்கு இந்தியா விதிக்கும் அடிப்படைச் சுங்க வரி 100 சதவீதம். 2001 ஏப்ரல் 1 அன்று தேயிலை உள்ளிட்ட பல பொருட்களின் மீதிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. அதற்கு ஈடாக அந்த ஆண்டு பட்ஜெட்டில் தேயிலை வரி 35லிருந்து 70 சதவீதமானது. மறு ஆண்டே 100 ஆனது. இரண்டே ஆண்டில் வரி ஏறக்குறைய மூன்று மடங்கு. அதே ஆண்டுகளில்தான் நீலகிரியில் இலை விலை படுத்துக் கிடந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு தென்னிந்தியத் தூளுக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார். அந்தப் பள்ளத்தைச் சுங்க வரியால் நிரப்ப முடியவில்லை.

கணக்கையும் சரியாகப் போட வேண்டும். துறைமுகத்தில் வந்திறங்கும் மதிப்பு கிலோ 150 ரூபாய் என்று வையுங்கள். அடிப்படை வரி 150. அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 15 ரூபாய். ஆக 315. அதன் மேல் 5 சதவீத ஐஜிஎஸ்டி (இறக்குமதியின்போது கட்டும் ஜிஎஸ்டி) 15.75. மொத்தம் 330.75. இதில் கடைசி 15.75ஐப் பாதுகாப்பு என்று சேர்த்துக்கொள்வது பலரும் செய்யும் பிழை. இறக்குமதியாளர் அதை உள்ளீட்டு வரவாக எடுத்து, பிறகு தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார். உள்நாட்டுத் தூளுக்கும் அதே 5 சதவீதம்தான். உண்மையான சுவர் 165 ரூபாய். அது சின்னச் சுவர் அல்ல.

உலக வர்த்தக அமைப்பில் தேயிலைக்கு இந்தியா ஒப்புக்கொண்ட உச்சவரம்பு 150 சதவீதம். ஆகவே சட்டப்படி இன்னும் 50 ஏற்ற இடமுண்டு. ஏற்றினால் என்ன ஆகும்? முழு வரி கட்டி யாரும் பெரிதாகக் கொண்டுவராதபோது ஒன்றும் ஆகாது. பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டு போடுவதுதான் அது.

எந்த வாசல் வழியாக வருகிறது என்று பார்க்காமல் விடுவது

மனுவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டுத் தேயிலை முக்கியமாக மூன்று வாசல்களில் நுழைகிறது. ஒவ்வொன்றுக்கும் திறவுகோல் வேறு.

முதலாவது நேபாளம். இந்திய நேபாள வர்த்தக உடன்படிக்கைப்படி நேபாளத்தில் விளைந்த தேயிலைக்குச் சுங்க வரி கிடையாது. பொது வரியை 100லிருந்து 150 ஆக்கினாலும் அந்தத் தூளுக்கு ஒரு பைசா கூடாது. இங்கே கேட்க வேண்டியது வரி அல்ல. எல்லைச் சோதனைச் சாவடியில் மாதிரி எடுத்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவுகோலில் சோதிப்பது, விளைந்த நாட்டுச் சான்றைச் சரிபார்ப்பது, மூன்றாம் நாட்டுத் தூள் அந்தப் பெயரில் வருகிறதா என்று பார்ப்பது ஆகியவைதான்.

இரண்டாவது இலங்கை. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் தேயிலைக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ வரை சலுகை வரி உண்டு. ‘ஒப்பந்தத்தை ரத்து செய்’ என்று எழுதுவது வீண். அந்த ஒதுக்கீட்டில் எவ்வளவு நிரம்புகிறது, எந்த ரகம் வருகிறது என்ற கணக்கைக் கேளுங்கள்.

மூன்றாவது வாசல்தான் பெரிய சிக்கல். மறு ஏற்றுமதிக்கு என்று வரி கட்டாமல் கொண்டுவரும் தேயிலை. முன் அனுமதித் திட்டத்திலும் நூறு சதவீத ஏற்றுமதி நிறுவனங்களிலும் கென்யத் தூள் உள்ளிட்டவை இப்படி வருகின்றன. தேயிலைக்குக் குறைந்தது 50 சதவீத மதிப்புக் கூட்டல் வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது 100 ரூபாய்க்கு வந்தது 150க்காவது வெளியே போக வேண்டும். வெளியே போக வேண்டியது உள்ளே தங்கினாலும், கலவையாகி ‘இந்தியத் தேயிலை’ என்ற பெயரில் போனாலும் நமக்குத்தான் அடி.

அப்படியானால் இந்தத் திட்டத்தையே மூடச் சொல்லலாமா? அவசரப்படாதீர்கள். கலவை செய்து விற்பவர்களுக்கு இந்தியா இல்லாவிட்டால் துபாய் இருக்கிறது. ஜெபல் அலியில் தேயிலைக் கலவைக்கென்றே கிடங்குகள் உண்டு. கலவை அங்கே போனால் அதில் சேரும் நீலகிரித் தூளும் குறையும். ஆகவே கோரிக்கை இப்படி இருக்கட்டும்: உள்ளே வந்த கிலோவுக்கும் வெளியே போன கிலோவுக்கும் மாதக் கணக்கு வெளியாக வேண்டும், பொட்டலத்தில் விளைந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும். இரண்டாவது புதிய கோரிக்கை அல்ல. இறக்குமதித் தூளை இந்தியத் தூள் என்று விற்கக் கூடாது, நீலகிரி ஆர்த்தடாக்ஸ் (இலையைச் சுருட்டிச் செய்யும் ரகம்) போன்ற புவிசார் குறியீடு பெற்றவற்றோடு கலக்கக் கூடாது என்று தேயிலை வாரியம் 2021 நவம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. இருக்கும் உத்தரவின் தேதியைச் சுட்டி ‘நிறைவேற்று’ என்று கேட்பது, புதிய வரி கேட்பதைவிட வலுவானது. ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்தக் குறியீடு ஆர்த்தடாக்ஸுக்கு மட்டுமே. இலையை நசுக்கிக் கிழித்துச் சிறு மணிகளாக்கும் நம் சிடிசி தூளுக்கு அது காவல் நிற்காது.

‘டம்பிங்’ என்ற சொல்லைக் கண்டபடி தூவுவது

மலிவாக வந்தால் அது டம்பிங் ஆகிவிடாது. ஏற்றுமதி செய்யும் நாடு தன் நாட்டில் விற்கும் விலையைவிடக் குறைத்து இங்கே விற்றால்தான் சட்டப்படி டம்பிங். கென்யாவில் உற்பத்திச் செலவே குறைவு என்றால் அது போட்டி.

புகார் கொடுக்கவும் தகுதி வேண்டும். பொருள் குவிப்பு (டம்பிங்) தடுப்பு வரிக்கு மனுப் போடுபவர்களின் உற்பத்தி நாட்டின் மொத்த உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். தென்னிந்தியா முழுவதையும் சேர்த்தாலும் நாட்டின் தேயிலை உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாது. ஆக, அசாமையும் வங்காளத்தையும் சேர்க்காமல் நீலகிரி தனியாக இந்த வாசலைத் தட்டவே முடியாது. அதோடு ‘உள்நாட்டுத் தொழில்’ என்பது அதே பொருளை உற்பத்தி செய்பவர். இறக்குமதியாவது தூள், எனவே புகார்தாரர் தொழிற்சாலை. இலை கொடுக்கும் விவசாயி நேரடிப் புகார்தாரர் ஆவது கடினம். தனியார் பாக்டரிகளும் இண்ட்கோசர்வ் கூட்டுறவு ஆலைகளும் முன்னால் நிற்க வேண்டும்.

அடுத்தது பாதிப்பை நிரூபிப்பது. 2024ல் இந்திய உற்பத்தி சுமார் 128 கோடி கிலோ, ஏற்றுமதி 25 கோடியைத் தாண்டியது, இறக்குமதி நாலரைக் கோடி அளவில். உற்பத்தியில் நாலு சதவீதத்துக்கும் குறைவு. இந்த அளவால்தான் விலை விழுந்தது என்று வாதாட, வழக்கமாக 12 மாத விசாரணைக் காலமும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் காட்ட வேண்டும்: உற்பத்தி, விற்பனை, இருப்பு, செலவு, ஆலைத் திறன் எல்லாம். ‘தேக்கம் அதிகம்’ என்று ஒரு வரி எழுதினால் போதாது.

விலை ஏறினால் முழுதும் இலைக்கு வரும் என்று நம்புவது

குன்னூர் ஏலத்தின் சராசரியை வைத்துத்தான் தேயிலை வாரியம் மாதந்தோறும் பச்சை இலை விலையை அறிவிக்கிறது. 100 கிலோ இலையில் 22 முதல் 24 கிலோ தூள் கிடைக்கும். 23 என்று வைத்து, விவசாயி பங்கு 65 சதவீதம் என்று கொள்ளுங்கள். ஏலத்தில் தூள் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் இலைக்கு வருவது 10 × 0.23 × 0.65, அதாவது ஒன்றரை ரூபாய்.

2023 போராட்டத்தில் கேட்ட விலை 33.50 ரூபாய். இலைக்கு 20 கிடைக்கும் ஒருவருக்கு அது எட்ட வேண்டுமானால் ஏலச் சராசரி 90 ரூபாய் ஏற வேண்டும். நாலரைக் கோடி கிலோ இறக்குமதியை முற்றாக நிறுத்தினாலும் அவ்வளவு ஏறுமா? சீமைக் கூட்டத்தில் (படுகர் ஊர்களின் வட்டாரக் கூட்டம்) கைதட்டு வாங்க இந்தக் கேள்வி உதவாது. ஆனால் டெல்லியில் முதலில் கேட்கப்படுவது இதுதான். இலைக்குக் குறைந்தபட்ச விலை வேறு கோரிக்கை, இறக்குமதி வேறு கோரிக்கை. ஒரே மனுவில் பிசைந்தால் இரண்டும் கெடும்.

கரட்டு இலையையும் இங்கேயே சொல்லிவிடலாம். இரண்டு இலை ஒரு கொழுந்துக்குப் பதில் நாலைந்து இலையோடு பறித்துக் கொடுத்தால் தூளில் நார் மிஞ்சும், ஏலத்தில் அடிமாட்டு விலைதான். எந்தச் சுங்க வரியும் நாரைத் தூளாக்காது.

குறைந்தபட்ச இறக்குமதி விலை எல்லாவற்றையும் தீர்க்கும் என்பது

கூடலூர், பந்தலூர் பக்கம் மிளகு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. 2017 டிசம்பரில் மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வந்தது. பிறகு அதற்குக் கீழான இறக்குமதி தடை செய்யப்பட்டது. ஆனாலும் அடுத்த சில ஆண்டுகளுக்கு உள்ளூர் விலை அந்த 500ஐத் தொடவில்லை. ஏன்? இந்த விலை விலைச்சீட்டில் எழுதும் எண். உண்மையில் குறைந்த விலைக்கு வாங்கிச் சீட்டில் 500 என்று காட்டுகிறார்கள், வித்தியாசம் வேறு வழியில் திரும்புகிறது என்ற புகார் கிளம்பியது. ஏற்றுமதிக்காகக் கொண்டுவருபவர்களுக்கு விலக்கும் இருந்தது. தேயிலைக்கும் இதையே கேட்பதானால், மனுவிலேயே இரண்டு ஓட்டைகளையும் அடைக்கச் சொல்லுங்கள்: பணப் பரிமாற்றச் சரிபார்ப்பு, மறு ஏற்றுமதிச் சரக்குக்குத் தனிக் கணக்கு.

ஆலைக்குள் வரும் பொருளின் வரியை மறப்பது

உள்நாட்டு உற்பத்தியைக் காக்க என்று எல்லா இறக்குமதிக்கும் வரி கேட்பவர்கள், தங்கள் ஆலையை ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். நிறம் பிரிக்கும் இயந்திரத்தின் கேமரா, கொழுந்து பறிக்கும் இயந்திரத்தின் கத்தி என்று பலவும் வெளியிலிருந்து வருபவை. தூளுக்கு வரி கூடி, இயந்திர பாகத்துக்கும் கூடினால் லாபம் இந்தக் கையில் வந்து அந்தக் கையில் போகும். பாகத்துக்கு முழு இயந்திரத்தைவிட அதிக வரி இருந்தால் இங்கே பொருத்துபவரே மூடிவிடுவார். மனுவில் பாகத்துக்கும் முழு இயந்திரத்துக்கும் எட்டு இலக்கச் சுங்க எண்ணைத் தனித்தனியே எழுதுங்கள். தூளிலும் அப்படியே: 0902 30 என்று தொடங்கும் எண் 3 கிலோ வரையிலான கருப்புத் தேயிலைப் பொட்டலம், 0902 40 என்று தொடங்குவது மூட்டைச் சரக்கு. ‘டீத்தூள்’ என்று மட்டும் எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்றே புரியாது.

வரிச் சுவரை நிரந்தரம் என்று நம்புவதும் ஆபத்து. ஊட்டி இந்து நகரின் பிலிம் ஆலை 1960ல் தொடங்கப்பட்டு 1967ல் உற்பத்திக்கு வந்தது. 1991க்குப் பிறகு சுவர் தாழ்ந்தது, தொண்ணூறுகளின் நடுவில் ஆலை நலிந்தது, பின்னால் டிஜிட்டல் வந்து பிலிமையே தேவையற்றதாக்கியது. சுவர் நின்ற காலத்தில் தொழில்நுட்பத்தைப் புதுப்பிக்கவில்லை என்றால் சுவருக்குள்ளேயே முதுமை வந்துவிடும். எனவே பாதுகாப்பு கேட்கும்போது எத்தனை ஆண்டுக்கு, அதற்குள் ஆலையில் எதை மாற்றப் போகிறோம் என்று இரண்டு வாக்கியம் சேர்க்கவும்.

வெளிநாட்டு வரியே ஏற்றுமதிக்குத் தடை என்பது

ஐரோப்பிய ஒன்றியத்தில் கருப்புத் தேயிலைக்குச் சுங்க வரியே இல்லை. அங்கே கதவைச் சாத்துவது பூச்சிமருந்து எச்ச அளவு. தேயிலை வாரியத்தின் அனுமதிப் பட்டியலில் இல்லாத மருந்தை ஒரு தோட்டத்தில் அடித்தாலும், அந்த இலை சேர்ந்த ஆலையின் சரக்கு திரும்பிவிடலாம். அமெரிக்காவின் விஷயம் வேறு: 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் என்றார்கள், நவம்பரில் தேயிலை, காபி, மிளகு போன்றவற்றுக்கு விலக்கு கொடுத்தார்கள். பழைய செய்தியை மனுவில் மேற்கோள் காட்டி அவமானப்படாதீர்கள். கையெழுத்திடும் நாளின் நிலையைப் பாருங்கள்.

நேரடியாக ஏற்றுமதி செய்யும் ஆலைகள் இன்னொன்றையும் கவனிக்கவும். ரோட்டெப் சலுகை (ஏற்றுமதிப் பொருளில் புதைந்திருக்கும் வரிகளைத் திருப்பித் தரும் திட்டம்) வேண்டும் என்று, சுங்கத் துறையில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லிலேயே அறிவிக்க வேண்டும். சரக்கு கிளம்பிய பிறகு நினைவு வந்தால் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

தவறான மேசையில் கொடுப்பது

சுங்க வரி ஒன்றிய அரசின் அதிகாரம். ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தால் அவர் அனுப்பிவைக்கலாம், அவ்வளவுதான். வரி விகிதம் நிதி அமைச்சகத்துக்கு. பட்ஜெட் பிப்ரவரி 1 என்பதால் மழைக்காலம் முடிவதற்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். குறைந்தபட்ச இறக்குமதி விலையும் முன் அனுமதி நிபந்தனையும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்துக்கு. டம்பிங் புகார் வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகத்துக்கு. விளைந்த நாட்டுப் பெயர், கலப்படம் பற்றியவை தேயிலை வாரியத்துக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கும்.

ஒவ்வொரு மேசைக்கும் தனி மனு, இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இணைப்பாக ஏலச் சராசரியும் வாரியம் அறிவித்த இலை விலையும் மூன்று ஆண்டுக்கு மாதவாரியாக, பக்கத்திலேயே அந்தந்த மாத இறக்குமதி அளவு. இறக்குமதி கூடிய மாதத்தில் ஏலம் ஏறியிருந்தால் அந்த மாதத்தின் கணக்கை அழித்துவிடாதீர்கள். எதிர்த் தரப்பு அதையே எடுத்துக் காட்டும்.