பிரெஞ்சில் எண்கள்: 97 என்று காதில் விழுந்தால் பேனாவை நிறுத்துங்கள்

பாரிஸுக்கு வந்த புதிதில் ஒருவர் தன் தொலைபேசி எண்ணைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தேன். "கத்ர்" என்றார், 4 போட்டேன். "வேன்" என்றார். ஓ, எண்பதா என்று 4-ஐ அடித்துவிட்டு 80 போட்டேன். "தீஸெத்" என்று முடித்தார். அதையும் அடித்து 97 என்று எழுதி நிமிர்வதற்குள் அவர் இன்னும் இரண்டு எண்களைத் தாண்டிப் போயிருந்தார்.

ஒன்றிலிருந்து நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கத் தெரிந்திருந்தும் இந்தக் கதி. ஒப்பிப்பது வேறு, காதில் விழுந்ததும் எழுதுவது வேறு. இந்தப் பாடம் இரண்டாவதற்குத்தான்.

தொடங்கும் முன் உச்சரிப்பு பற்றி ஒன்று. கீழே "ஃஸ்" என்று வரும் இடத்தில் வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒலி அதிர வேண்டும். வெறும் "ஸ்" என்றால் அதிராது. அன், வேன், ஸான் என்று முடியும் சொற்களில் நாக்கு மேலே தொடக்கூடாது. ஒலி மூக்கு வழியாகப் போகட்டும். "தெ" சொல்லும்போது "பந்து"வில் வருகிற மெல்லிய த. உதடு "ஓ" சொல்வதுபோல் குவிந்திருக்க வேண்டும். தமிழ் எழுத்து இங்கே ஊன்றுகோல்தான். இணையத்தில் ஒலிப்பதிவு கேட்காமல் இதை மட்டும் நம்பாதீர்கள்.

படி 1: பதினாறு வரை மனப்பாடம்

0 ஃஸேரோ, 1 அன், 2 தெ, 3 த்ருவா, 4 கத்ர், 5 ஸேன்க், 6 ஸீஸ், 7 ஸெத், 8 உயித், 9 நெஃப், 10 தீஸ்.

11 ஓன்ஃஸ், 12 தூஃஸ், 13 த்ரேஃஸ், 14 கதோர்ஃஸ், 15 கேன்ஃஸ், 16 ஸேஃஸ்.

இதற்குக் குறுக்குவழி கிடையாது. முக்கியமாக 11 முதல் 16 வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். ஏன் என்பது மூன்றாவது படியில் தெரியும். பெண்பால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அன் என்பது "யூன்" ஆகும், அவ்வளவுதான்.

படி 2: அறுபத்தொன்பது வரை

இது சுலபம். 17 தீஸெத், 18 தீஃஸுயித், 19 தீஃஸ்-நெஃப். நம் பதினேழு, பதினெட்டு மாதிரியே பத்தோடு கூட்டுவது. அப்புறம் 20 வேன், 30 த்ரான்த், 40 கரான்த், 50 ஸேன்கான்த், 60 ஸுவாஸான்த். பின்னால் ஓரிலக்க எண்ணைச் சேர்த்தால் போதும்: 34 த்ரான்த்-கத்ர். ஒன்று சேரும்போது மட்டும் நடுவில் "ஏ" வரும்: 21 வேன்த்-ஏ-அன், 31 த்ரான்த்-ஏ-அன்.

படி 3: எழுபது முதல் தொண்ணூற்றொன்பது வரை

எல்லோரும் தடுக்கி விழும் இடம். எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச்சொல் இல்லை. 70 என்பது அறுபது-பத்து, ஸுவாஸான்த்-தீஸ். 71 அறுபதும் பதினொன்றும், ஸுவாஸான்த்-ஏ-ஓன்ஃஸ். 72 ஸுவாஸான்த்-தூஃஸ். இப்படியே 79 வரை. 80 நான்கு இருபது: கத்ர்-வேன். 90 நான்கு இருபது பத்து: கத்ர்-வேன்-தீஸ். 11 முதல் 16 வரை இங்கே மறுபடியும் வந்து நிற்கிறது பாருங்கள்: 75 ஸுவாஸான்த்-கேன்ஃஸ், 93 கத்ர்-வேன்-த்ரேஃஸ். 81, 91 இரண்டிலும் "ஏ" கிடையாது: கத்ர்-வேன்-அன், கத்ர்-வேன்-ஓன்ஃஸ்.

இருபது இருபதாக எண்ணும் பழக்கம் முன்பு இன்னும் பரவலாக இருந்தது. பாரிஸில் கேன்ஃஸ்-வேன் என்றொரு கண் மருத்துவமனை இருக்கிறது. பதினைந்து இருபது, அதாவது 300. ஒன்பதாம் லூயி மன்னர் 13-ஆம் நூற்றாண்டில் பார்வையற்றோர் 300 பேருக்காக அமைத்த இல்லம் அது. பெயரில் அந்தக் கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கு ஸெப்தான்த், தொண்ணூறுக்கு நோனான்த் என்று தனிச்சொல்லே புழங்குகிறது. பிரான்ஸில் அதைச் சொன்னால் புரியும், கூடவே ஒரு புன்னகையும் வரும்.

இது என்ன கிறுக்குத்தனம் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். நாம் மட்டும் என்ன? ஒன்பதில் "பது", தொண்ணூறில் "நூறு", தொள்ளாயிரத்தில் "ஆயிரம்" என்று ஒரு படி மேலே ஏறி நின்றல்லவா எண்ணுகிறோம்! அதற்காகத் தொண்ணூறு என்று சொல்லும்போது நூறை நினைக்கிறோமா? பிரெஞ்சுக்காரரும் அப்படித்தான், நாலை இருபதால் பெருக்குவதில்லை. கத்ர்-வேன்-தீஸ் அவருக்கு ஒரே சொல். நீங்களும் பெருக்காதீர்கள். "கத்ர்-வேன்" காதில் விழுந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்து என்ன வருகிறது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். ஸுவாஸான்த்துக்கும் இதே விதி. பிரான்ஸில் தொலைபேசி எண்ணின் பத்து இலக்கங்களை இரண்டிரண்டாகத்தான் சொல்வார்கள். ஸுவாஸான்த்-தூஃஸ் ஒரே மூச்சில் வந்தால் 72. நடுவில் மூச்சு விட்டால் 60, 12.

படி 4: வால் மாறும் எண்கள்

6, 10 இரண்டும் தனியாக நின்றால் ஸீஸ், தீஸ். பின்னால் மெய்யொலியில் தொடங்கும் சொல் வந்தால் வால் அறுந்து ஸீ, தீ. உயிரொலி வந்தால் வால் அதிரும்: ஆறு யூரோ "ஸீஃஸ்-எரோ". மணி என்பதற்கு "ஏர்". ஒன்பது மணி "நெவ்-ஏர்" ஆகிவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு மணி "தெஃஸ்-ஏர்". பன்னிரண்டு மணி "தூஃஸ்-ஏர்". ஒரு பல் மருத்துவரிடம் இரண்டு மணிக்கு நேரம் வாங்கிவிட்டு நான் பன்னிரண்டுக்குப் போய், சாப்பாட்டு நேரத்துக்குப் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதெல்லாம் "கதோர்ஃஸ்-ஏர்?" என்று பதினான்கைச் சொல்லி உறுதி செய்துகொள்கிறேன். 24 மணிக் கணக்கு அங்கே சாதாரணம்.

படி 5: நூறும் அதற்கு மேலும்

100 ஸான், 1000 மீல். இவற்றுக்கு முன்னால் அன் போடக்கூடாது. 1998 என்றால் மீல் நெஃப் ஸான் கத்ர்-வேன்-தீஃஸுயித். பிரான்ஸ் சொந்த மண்ணில் கால்பந்து உலகக் கோப்பையை வென்ற ஆண்டு; அடிக்கடி காதில் விழும். லட்சம், கோடி அங்கே இல்லை. ஒரு லட்சம் ஸான் மீல், பத்து லட்சம் அன் மிலியோன், ஒரு கோடி தீ மிலியோன், நூறு கோடி அன் மிலியார். பிலியோன் என்று கேட்டால் உஷார்: அது ஆங்கில பில்லியன் அல்ல, லட்சம் கோடி.

படி 6: தாளில் எழுதும்போது

பிரெஞ்சுக்காரர் கையால் எழுதும் 1-க்கு நீண்ட மூக்கு இருக்கும், நம் கண்ணுக்கு 7 மாதிரியே தெரியும். அவர்கள் 7-இன் இடுப்பில் குறுக்குக் கோடு போடுவார்கள். நீங்களும் போட்டுப் பழகுங்கள். தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. ஆயிரத்துக்குக் காற்புள்ளி இல்லை, சிறு இடைவெளி. 1,250 என்று எழுதினால் ஆயிரத்து இருநூற்றைம்பது அல்ல, ஒன்றேகால்.

எண்ணைச் சொல்லாக எழுதுவது காசோலைக்கு வேண்டும். இலக்கத்தில் ஒரு தொகை, சொல்லில் வேறு தொகை என்று இருந்தால் சொல்லில் உள்ளதுதான் செல்லும். கத்ர்-வேன், தெ ஸான் இரண்டும் தனியாக நின்றால் கடைசியில் எஸ் எழுத்து சேரும். பின்னால் வேறு எண் ஒட்டினால் எஸ் போய்விடும். 280 எழுதும்போது வேன் மட்டும் எஸ் வாங்கும், ஸான் வாங்காது. 283-இல் இரண்டுக்கும் இல்லை. மீல் எப்போதுமே எஸ் வாங்காது. சொற்களுக்கு நடுவில் வரும் சிறு கோட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்: 1990-இல் வந்த எழுத்துத் திருத்தப்படி எல்லாவற்றுக்கும் நடுவில் போட்டுவிடலாம்.

படி 7: தெருவில் பயிற்சி

பிரான்ஸில் வண்டியின் எண் பலகையில் வலது ஓரம் மாவட்ட எண் இருக்கும். பாரிஸ் வட்டாரத்து எட்டு மாவட்டங்களின் எண்கள் 75, 77, 78, 91, 92, 93, 94, 95. நமக்கு வராத எண்களாகப் பார்த்துப் பொறுக்கி வைத்ததுபோல் இருக்கும்! பேருந்துக்கு நிற்கும்போது கடந்துபோகும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம்மவர்கள் நிறைய இருக்கும் லா கூர்னவ் என்ற புறநகர் 93-இல் வருகிறது. அங்கத்திய பையன்கள் கத்ர்-வேன்-த்ரேஃஸ் என்று நீட்டாமல் "நெஃப்-த்ருவா", ஒன்பது மூன்று, என்று முடித்துவிடுவார்கள். அந்தச் சலுகை மாவட்ட எண்களோடு சரி, மற்ற எண்களுக்கும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.