கலவரக் கதையைக் கேட்டு எழுதுவது எப்படி

தமிழருக்கு எதிரான கொழும்புக் கலவரங்களில் வீடு இழந்து வந்தவர்கள் போன வருசம் கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் ஏழு பேர். இப்போது நாலு. கேட்க நினைப்பவர்கள் இந்த ஆடிக்குள் கேட்டுவிடுங்கள்.

"எந்த வருசம்?" என்று தொடங்காதீர்கள். 1958ம் 77ம் 83ம் பலருக்குள் ஒரே ஓட்டமாகத்தான் கிடக்கிறது. நான் மாமியிடம், "அடுப்பில என்ன கிடந்தது?" என்று கேட்டேன். "சோறு, வடிக்கேல்ல" என்றவா, இரண்டு மணித்தியாலம் நிறுத்தவில்லை. வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா இவவின் பொட்டை அழித்து, அறைக்குள் ஒளித்துவைத்து, இரவிரவாக "பால்திய" (baldiya) என்று சொல்லப் பழக்கினாவாம். சிங்களத்தில் வாளிக்கு அதுதான் பெயர். றோட்டில் மறிப்பவர்கள் அதைச் சொல்லச் சொல்லி, நாக்குப் பிசகினால் தமிழர் என்று கண்டுபிடிப்பார்கள். 40 வருசத்துக்குப் பிறகும் மாமி இரண்டு உதட்டையும் இறுக்கி ஒட்டித் திறந்து, சரியாகச் சொல்லிக் காட்டினா.

கதை முடிந்த பிறகு காலத்தைப் பிடிக்கலாம். பண்டாரநாயக்க பிரதமராக இருந்த காலம் என்றால் 58. ஜே.ஆர். ஜெயவர்த்தன தேர்தலில் வென்று வந்த கையோடு என்றால் 77. அதற்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாப் பக்கம் வந்து குடியேறியவர்கள் ஏராளம். 83இல் கிழமையையும் கேளுங்கள். யூலை 23 சனி இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். ஞாயிறு இரவு, அவர்களைப் புதைக்க இருந்த கொழும்பு பொரளை கனத்தை மயானத்தடியில் தொடங்கிய எரிப்பு, திங்கள் நகரமெல்லாம் பரவியது. "கந்தோருக்குப் போன இடத்தில புகையைக் கண்டனான்" என்பவர் பெரும்பாலும் அந்தத் திங்களைத்தான் சொல்கிறார்.

கண்டதையும் கேள்விப்பட்டதையும் வேறு வேறு மையில் எழுதுங்கள். வெலிக்கடைச் சிறையில் 25ஆம், 27ஆம் திகதிகளில் 53 பேர் கொல்லப்பட்டதை எல்லாரும் நேரில் கண்டதுபோலச் சொல்வார்கள். வவுனியாவில் அகதிகளைக் குடியேற்றிய காந்தியம் அமைப்பை நடத்திய டொக்டர் இராஜசுந்தரமும் அங்கேதான் கொல்லப்பட்டார். அவர் குடியிருத்திய குடும்பங்களில் அந்தச் செய்தி எப்படி வந்து சேர்ந்தது என்று கட்டாயம் கேளுங்கள்.

அழுதால் ரெக்கோடிங்கை நிப்பாட்டி, தேத்தண்ணி வைத்துக் கொடுங்கள். மிச்சத்தை இன்னொரு நாள் கேட்கலாம். ஒளித்து வைத்தவரின் பெயரை, சொன்னவர் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள்.

அப்பாவின் 58 கதையை ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி) நிறைய எழுதி வைத்திருந்தேன். 2009இல் கடைசி யுத்தத்தில் மாத்தளனில் பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடினோம். இன்று அப்பாவும் இல்லை, கொப்பியும் இல்லை. எழுதிய பக்கத்தை அன்றைக்கே போனில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் படுங்கள்.